'ஐபிடேட்டா1' ஃபைலை அழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்துக்கு மழைக்காலம் இரண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை, காற்று சற்றுப் பலமாக அடித்தால் போதும், ரப்பர் மரக் கிளை முறிந்து கம்பியில் விழும். கரண்டு போகும், வரும், மறுபடி போகும். மார்த்தாண்டம் ரப்பர் ஷீட் கடையானாலும் தோவாளைப் பூ மொத்தக் கடையானாலும் குளச்சல் மீன் ஏலக் கணக்கானாலும், பில் போடும் கம்ப்யூட்டரில் 'டேபிள் இல்லை' என்ற சிவப்பு எழுத்து வருவது இந்த நாட்களில்தான். கரண்டு போனதால் கெடுவது பெரும்பாலும் கொஞ்சம். சரிசெய்கிறோம் என்று அடுத்த அரைமணி நேரத்தில் அழித்துவிடுவதுதான் மிச்சம் முழுவதும். மழை வலுக்கும் முன் கடைக்காரர்களும், அவர்களுக்கு உதவப் போகும் கம்ப்யூட்டர் படித்த இளைஞர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

இங்கே சிறு கடைகளில் ஓடும் பில்லிங் சாஃப்ட்வேர்களில் பல, எக்ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்போடு வரும் மரியாடிபி என்ற டேட்டாபேஸ் சர்வரிலோ (கணக்கைச் சேமித்து வைக்கும் புரோகிராம்) அதன் மூத்த உறவான மைஎஸ்க்யூஎல்லிலோ கணக்கை வைக்கின்றன. திரையில் தெரியும் ஒவ்வொரு டேபிளும், அதாவது கணக்குப் பட்டியலும், ஹார்டு டிஸ்க்கில் சில ஃபைல்கள்தான். சி டிரைவில் எக்ஸாம்ப் ஃபோல்டருக்குள் மைஎஸ்க்யூஎல், அதற்குள் டேட்டா. அங்கே ஒரு டேட்டாபேஸுக்கு ஒரு ஃபோல்டர். அதைத் திறந்தால் ஒவ்வொரு டேபிளின் பெயரிலும் இரண்டு ஃபைல்கள் கிடக்கும். எஃப்ஆர்எம் என்று முடிவது டேபிளின் அமைப்பு: எத்தனை பத்தி (நெடுவரிசை), எது எண், எது தேதி. ஐபிடி என்று முடிவதில்தான் பில்களே இருக்கின்றன. இது இன்னோடிபி என்ற வகை டேபிள். பழைய மைஐசாம் வகை டேபிள் என்றால் மூன்று இருக்கும்: அமைப்புக்கு எஃப்ஆர்எம், தரவுக்கு எம்ஒய்டி, இண்டெக்ஸுக்கு எம்ஒய்ஐ. மைஎஸ்க்யூஎல் 8.0-இல் எஃப்ஆர்எம் கிடையாது. அமைப்பு விவரம் ஐபிடி ஃபைலுக்குள்ளேயே பதியப்படுகிறது, அதை வெளியே எடுக்க ஐபிடி2எஸ்டிஐ என்ற கருவியும் கூடவே வருகிறது.

டேபிள் ஃபோல்டர்களுக்கு வெளியே, டேட்டா ஃபோல்டரிலேயே ஐபிடேட்டா1 என்று ஒரு ஃபைல் இருக்கும். அதன் பக்கத்தில் ஐபி லாக்ஃபைல் 0, வெர்ஷனைப் பொறுத்து 1-உம். தவறு நடப்பது பெரும்பாலும் இவற்றில்தான்.

ஐபிடேட்டா1-ஐ ஒரு பதிவேடு என்று கொள்ளலாம். மைஎஸ்க்யூஎல் 5.7 வரையிலும், மரியாடிபியில் இன்றும், எந்த டேபிளுக்கு எந்த எண், அது எந்த ஐபிடி ஃபைலில் இருக்கிறது என்ற விவரம் இதில்தான். முடியாமல் பாதியில் நின்ற பதிவுகளைத் திருப்புவதற்கான குறிப்புகளும் வழக்கமாக இதில்தான். லாக்ஃபைல்கள் வேறு வேலை பார்க்கின்றன. நீங்கள் பில்லைச் சேமித்ததும் அது உடனே ஐபிடி ஃபைலில் போய் உட்காருவதில்லை. முதலில் லாக்கில் எழுதப்படும், பிறகு நிதானமாக ஐபிடிக்குப் போகும். ஆகவே கரண்டு போன நொடியில் கடைசிச் சில பில்கள் லாக்ஃபைலில் மட்டும் இருக்கலாம். கரண்டு வந்து சர்வர் எழுந்ததும் லாக்கைப் படித்து, விட்டுப்போனதை ஐபிடியில் எழுதி முடிக்கும். பெரும்பாலான மின்வெட்டுகளில் நமக்குத் தெரியாமலே இது நடந்து முடிந்துவிடுகிறது.

நடக்காத நாளில் எக்ஸாம்ப் பலகையில் 'மைஎஸ்க்யூஎல் ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி' என்று வரும். உடனே யாரோ யூடியூப் பார்த்து, ஐபிடேட்டா1-ஐயும் லாக்ஃபைல்களையும் அழி, சர்வர் எழுந்துவிடும் என்பார்கள். சர்வர் எழும், அது உண்மை. இவை இல்லாவிட்டால் புதிதாகக் காலியாக உண்டாக்கிக்கொள்ளும். டேபிள் பெயர்கள்கூடத் திரையின் இடது பக்கம் வரிசையாகத் தெரியும், ஏனென்றால் பெயர்கள் எஃப்ஆர்எம் ஃபைல்களைப் பார்த்துக் காட்டப்படுபவை. ஒரு பெயரைத் தொட்டதும் 1932 என்ற பிழை எண்ணும் 'டேபிள் டஸ்ன்ட் எக்ஸிஸ்ட் இன் எஞ்சின்' என்ற வரியும் வரும். ஐபிடி ஃபைல் அங்கேதான் இருக்கிறது, அதற்குள் பில்களும் இருக்கின்றன. புதுப் பதிவேட்டில் அதன் பெயர் இல்லை, அவ்வளவுதான். இந்த இடத்தில் 'எல்லாம் போச்சு' என்று எண்ணி எக்ஸாம்பை முழுதாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறவர்கள்தான் உண்மையில் கணக்கை இழக்கிறார்கள்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது ஒன்றே. மைஎஸ்க்யூஎல்லை நிறுத்திவிட்டு, டேட்டா ஃபோல்டர் முழுவதையும், ஒரு ஃபைல்கூட விடாமல், வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். ஐபிடேட்டா1, லாக்ஃபைல்கள், டேட்டாபேஸ் ஃபோல்டர்கள் மூன்றும் ஒரே செட். இன்றைய ஐபிடேட்டா1-உடன் போன மாத லாக்ஃபைலைச் சேர்த்தால் அவற்றின் வரிசை எண்கள் பொருந்தாது. பிழைப் பதிவில் 'லாக் சீக்வென்ஸ் நம்பர் இஸ் இன் த ஃப்யூச்சர்' என்று அடுக்கடுக்காக வரத் தொடங்கும். நகலை ஒருமுறை எடுத்தபின் அதைத் தொடவே கூடாது. சோதனைகளெல்லாம் நகலின் நகலில்.

அடுத்து, டேட்டா ஃபோல்டரில் 'மைஎஸ்க்யூஎல் எரர்' என்ற பெயரிலோ (எக்ஸாம்பில்) ஈஆர்ஆர் என்று முடிந்தோ இருக்கும் பிழைப் பதிவை நோட்பேடில் திறந்து கடைசி முப்பது நாற்பது வரிகளைப் படியுங்கள். பலரும் படிப்பதே இல்லை. சர்வர் தொடர்புகொள்ளும் வாசலான போர்ட் 3306-ஐ வேறொரு புரோகிராம் பிடித்திருப்பதால் மட்டும் சர்வர் எழாமல் இருக்கலாம். அதற்கும் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. 'ஏரியா' என்ற பெயரில் வரும் லாக் பிழை என்றால், டேட்டா ஃபோல்டரில் ஏரியா லாக் என்று தொடங்கும் ஃபைல்களை வேறிடத்துக்கு நகர்த்தினால் பெரும்பாலும் சர்வர் எழுந்துவிடும். மரியாடிபி தன் உள் டேபிள்களுக்கு வைத்திருக்கும் லாக் அது. உங்கள் பில்கள் இன்னோடிபி வகை டேபிளில் இருந்தால் அவற்றைத் தொடாது.

பிழைப் பதிவு உண்மையிலேயே இன்னோடிபியைக் குறை சொன்னால், சர்வரின் அமைப்புகள் எழுதப்பட்ட மை.ஐஎன்ஐ ஃபைலில் மைஎஸ்க்யூஎல்டி பகுதியின் கீழ் 'இன்னோடிபி ஃபோர்ஸ் ரிகவரி = 1' என்று ஒரு வரி சேர்த்துத் தொடங்கிப் பாருங்கள். ஆங்கிலத்தில் இதன் மூன்று சொற்களுக்கும் நடுவே அடிக்கோடு வேண்டும். 1 கெட்ட பக்கங்களைத் தாண்டிப் போகும். 2 பின்னணியில் நடக்கும் துப்புரவு வேலையை நிறுத்தும். 3 பாதியில் நின்ற பதிவுகளைத் திருப்பாமல் விடும். இந்த மூன்று வரை ஏறக்குறையப் பாதுகாப்பு. 4 முதல் 6 வரை ஃபைலையே நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியவை. நகல் கையில் இல்லாமல் அங்கே போகவே கூடாது. ஒரேயடியாக 6 போடச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. 6 என்றால் லாக்கையே பார்க்காதே என்று பொருள், அதாவது கடைசிப் பில்களை விட்டுவிடு என்று நாமே சொல்வது. எந்த எண்ணில் சர்வர் எழுந்தாலும் அதே நிலையில் கடையை நடத்தக் கூடாது. எழுந்ததும் மைஎஸ்க்யூஎல்டம்ப் கொண்டு டேட்டாபேஸை டெக்ஸ்ட் ஃபைலாக வெளியே எடுத்து, புதிதாக நிறுவிய சர்வரில் ஏற்ற வேண்டும்.

ஐபிடேட்டா1 ஏற்கனவே போய்விட்டது, ஐபிடி ஃபைல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன என்றாலும் வழி உண்டு. பொறுமைதான் வேண்டும். வேறொரு கம்ப்யூட்டரில் அதே வெர்ஷன் சர்வரை நிறுவுங்கள். 10.4 என்றால் 10.4. பில்லிங் சாஃப்ட்வேர் கொடுத்தவரிடம் காலி டேட்டாபேஸ் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். டேபிள் அமைப்பு பத்திக்குப் பத்தி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் அது பெரிய உதவி. அதில் டேபிள் உண்டானதும், டேபிள்களுக்கு இடையிலான தொடர்பைப் பார்க்கும் ஃபாரின் கீ சோதனையை 0 என்று நிறுத்திவிட்டு, 'ஆல்டர் டேபிள்' கட்டளையில் டேபிள் பெயரும் 'டிஸ்கார்ட் டேபிள்ஸ்பேஸ்' என்பதும் கொடுங்கள். இந்தக் கட்டளை அங்கிருக்கும் ஐபிடி ஃபைலை அழிக்கும். ஆகவே உங்கள் பழைய ஐபிடியை முன்னதாகவே அந்த ஃபோல்டரில் வைத்துவிட்டு இதைக் கொடுத்தால், மிஞ்சியிருந்ததும் போய்விடும். முதலில் டிஸ்கார்ட், அதற்குப் பிறகே பழைய ஐபிடியின் நகலை அந்த இடத்தில் வைப்பது, கடைசியில் அதே கட்டளையை 'இம்போர்ட் டேபிள்ஸ்பேஸ்' என்று முடித்துக் கொடுப்பது. லினக்ஸ் என்றால் நடுவே அந்த ஃபைலின் உரிமையை மைஎஸ்க்யூஎல் பயனருக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சர்வரால் திறக்க முடியாது. சிஎஃப்ஜி ஃபைல் இல்லை என்று வரும் எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம்.

இங்கே மிகுதியாக வரும் தடங்கல், 'ஸ்கீமா மிஸ்மேட்ச்' என்ற பிழை. டேபிள் பழைய வெர்ஷனில் உண்டானதாக இருந்தால் அதன் ரோ ஃபார்மட் (வரிசைகளை எழுதிவைக்கும் முறை) 'காம்பாக்ட்' ஆக இருக்கும். மைஎஸ்க்யூஎல் 5.7.9, மரியாடிபி 10.2.2 முதல் எதுவும் சொல்லாவிட்டால் 'டைனமிக்' என்றே உண்டாகிறது. காலி டேபிளை ரோ ஃபார்மட் காம்பாக்ட் என்று குறிப்பிட்டு மறுபடி உண்டாக்கினால் பல நேரம் பிழை தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் சாஃப்ட்வேர் அப்டேட்டில் இடையே ஏதாவது ஒரு பத்தி கூடியிருக்கும். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலைக்குப் பிறகு பில் டேபிள்களில் எச்எஸ்என் எண்ணுக்கும் வரிக்கும் பத்திகள் சேர்ந்ததை நினைவில் வைத்துத் தேடுவது நல்லது.

இறக்குமதி முடிந்ததும் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஐபிடி ஃபைலின் அளவு வழக்கமாக 16,384 பைட்டின் மடங்கு, ஏனென்றால் இன்னோடிபி தரவை 16 கேபி பக்கம் பக்கமாகத்தான் எழுதும். புதுக் காலி டேபிள் மைஎஸ்க்யூஎல் 5.7-இல் 96 கேபி, 8.0-இல் 112 கேபி. இரண்டு வருடப் பில்கள் இருக்க வேண்டிய ஐபிடி உங்கள் கையில் சரியாக 96 கேபி என்றால், நீங்கள் காப்பாற்றி வைத்திருப்பது காலிப் பெட்டி. உண்மையான ஃபைல் வேறெங்கோ இருக்கிறது, பழைய நகல்களில் தேடுங்கள். அளவு சரியாக இருந்தால் 'செக் டேபிள்' கொடுத்து, மொத்த வரிசை எண்ணிக்கையையும் கடைசிப் பில் எண்ணையும் கடையிலுள்ள பில் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

அந்த 16 கேபி பக்கம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், மின்வெட்டின் முழு விஷயமும் அதற்குள் இருப்பதால். பக்கத்தின் முதல் 38 பைட் தலைப்பு: முதல் நான்கு சரிபார்ப்பு எண், அடுத்த நான்கு பக்க எண். கடைசி 8 பைட் முடிவுரை. அதிலும் சரிபார்ப்புக்கு எண் உண்டு. டிஸ்க்கோ ஒரு நேரத்தில் 512 அல்லது 4,096 பைட்தான் உறுதியாக எழுதும். பாதிப் பக்கம் எழுதும்போது கரண்டு போனால் மேல்பாதி புதியது, கீழ்ப்பாதி பழையது. தலைப்பும் முடிவுரையும் ஒத்துப்போகாது, கிழிந்த பக்கம். இதற்காகவே இன்னோடிபி ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் 'டபுள்ரைட்' என்ற தனி இடத்தில் எழுதிவிட்டுப் பிறகே அதன் சொந்த இடத்தில் எழுதுகிறது. கிழிந்தால் அந்த முதல் பிரதியிலிருந்து ஒட்டிக்கொள்ளும். அந்தத் தனி இடம் மரியாடிபியில் எங்கே இருக்கிறது தெரியுமா? ஐபிடேட்டா1-க்குள்ளேதான்.

நகைக்கடை, அரிசி மில், பழைய சிட்டிக் கணக்கு போன்ற இடங்களில் இன்றும் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் புரோகிராம் ஓடுகிறது. அதில் ஒரு டேபிள் ஒரு டிபிஎஃப் ஃபைல், மிக எளிமையானது. கரண்டு போனால் அடிக்கடி நடப்பது, வரிசைகள் எழுதப்பட்டிருக்கும், ஆனால் தலைப்பில் உள்ள எண்ணிக்கை திருத்தப்படாமல் நின்றிருக்கும். புரோகிராம் தலைப்பை நம்பிக் கடைசி வரிசைகளைக் காட்டாது. கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். பழைய டிபிஎஃப் வகையில் தலைப்பின் நீளம், பத்திகளின் எண்ணிக்கையை 32-ஆல் பெருக்கி 33 கூட்டினால் கிடைக்கும். 18 பத்தி என்றால் 609 பைட். ஒரு வரிசை 120 பைட், ஃபைல் அளவு 21,54,850 பைட் என்று வையுங்கள். அதில் 609-ஐயும் கடைசி முடிவுக்குறியான ஒரு பைட்டையும் கழித்து 120-ஆல் வகுத்தால் சரியாக 17,952 வரிசை. தலைப்போ 17,914 என்று சொல்கிறது. 38 வரிசைகள் ஃபைலில் இருந்தும் தெரியவில்லை. பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் ஃபைலின் நகலைத் திறந்தால், தலைப்பின் ஐந்தாவது பைட் முதல் எட்டாவது வரை அந்த எண்ணிக்கை தலைகீழாக எழுதப்பட்டிருக்கும். 17,952 ஹெக்ஸில் 4620. ஆகவே அங்கே 20, 46, 00, 00 என்று எழுதிச் சேமித்து, இண்டெக்ஸை மறுபடி உண்டாக்கினால் 38 வரிசைகளும் வந்து நிற்கும். தவறாக டிலீட் செய்த வரிசையும் ஃபாக்ஸ்புரோவில் உடனே போவதில்லை. வரிசையின் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் விழும். 'ரீகால்' கொடுத்தால் திரும்பிவிடும். 'பேக்' கொடுத்தால் மீளாது. ஆகவே ஏதாவது காணவில்லை என்றால் எந்த மெனுவிலும் பேக் பக்கம் போகாதீர்கள்.

டேபிளையே டிராப் செய்துவிட்டார்கள் என்றால் கதை வேறு. அப்போது ஐபிடி ஃபைலே டிஸ்க்கிலிருந்து நீக்கப்படுகிறது. பழைய ஹார்டு டிஸ்க் என்றால் பக்கங்கள் அழியாமல் இருக்கும், மேலே வேறு ஏதாவது எழுதப்படும்வரை. கம்ப்யூட்டரை அப்படியே அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, அதைவிடப் பெரிய டிஸ்க்கில் டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழு நகல் எடுத்து, அந்த நகலில்தான் தேட வேண்டும். இன்னோடிபி பக்கங்களில் தரவு இருப்பவற்றின் வகை எண் 17855. அதை அடையாளமாக வைத்துப் பக்கங்களைப் பொறுக்கி எடுக்கும் கருவிகள் உண்டு. மீட்பு சாஃப்ட்வேரை அதே சி டிரைவில் டவுன்லோடு செய்வதே தேடும் பொருளின் மேல் மண் அள்ளிப் போடுவது. எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை குறைவு: ஃபைல் நீங்கியதும் விண்டோஸ் 'டிரிம்' கட்டளை அனுப்பிவிடும், டிஸ்க் அந்த இடத்தைத் தானே துடைத்துவிடும்.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் உண்டு. லினக்ஸ் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐபிடி ஃபைலை யாராவது தவறுதலாக அழித்துவிட்டால், சர்வரை நிறுத்தவே கூடாது. சர்வர் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை பெயர்தான் போயிருக்கிறது, தரவு இருக்கிறது. பில் போடுவதை நிறுத்திவிட்டு உடனே மைஎஸ்க்யூஎல்டம்ப் எடுத்துவிட வேண்டும். பதறி ரீஸ்டார்ட் செய்தால் அந்த நொடியில் தரவும் போய்விடும்.

இனி முன்கூட்டிச் செய்ய வேண்டியவை. சாயங்காலம் கடை அடைக்கும்போது டேட்டா ஃபோல்டரைப் பென்டிரைவில் காப்பி செய்வது பலருக்கும் பழக்கம். மைஎஸ்க்யூஎல் ஓடும்போதே காப்பி செய்தால் ஒரு ஃபைல் ஆறு மணி நிலையிலும் இன்னொன்று ஆறு மணி இரண்டு நிமிட நிலையிலும் இருக்கும். அந்த நகல் எழும் என்பதற்கு உறுதி இல்லை. டேட்டாபேஸ் ஃபோல்டரை மட்டும் எடுத்துவிட்டு ஐபிடேட்டா1-ஐ விடுவதும் இதே வகைக் குறை. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை டேட்டா ஃபோல்டரை நேராக ஒத்திசைக்கும்படி வைக்கவே வேண்டாம்; அவை ஃபைலைப் பிடித்துக்கொண்டு சர்வரைத் தடுமாற வைக்கும். ஆன்டிவைரஸிலும் அந்த ஃபோல்டரை விலக்கி வையுங்கள்.

மை.ஐஎன்ஐ-இல் 'இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட்' என்ற வரி 1 ஆக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வேகத்துக்காக 0 அல்லது 2 என்று மாற்றி வைத்துப் போகிறவர்கள் உண்டு. கரண்டு போனால் சுமார் ஒரு நொடியின் பில்கள் போகும். யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும், பச்சை விளக்கு எரிவதை நம்பாமல் மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபின் இம்மாவட்டத்தில் பல ஊர்களுக்குக் கரண்டு வர நாள் கணக்கில் ஆனது. அத்தகைய நேரத்துக்கு பேக்கப் டிஸ்க் கடையில் இல்லாமல் வீட்டில் இருக்க வேண்டும்.

சாஃப்ட்வேர் விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நிறுவிக் கொடுக்கும் நாளிலேயே மூன்றை எழுதிக் கொடுங்கள்: சர்வரின் வெர்ஷன், டேட்டா ஃபோல்டர் எங்கே, காலி டேபிள்களின் அமைப்பு அடங்கிய டெக்ஸ்ட் ஃபைல். இந்த மூன்றும் இல்லாமல்தான் மீட்பு வேலை நாள் கணக்கில் இழுக்கிறது. கடைக்காரர்களும் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் கணக்கு.

தினசரி பேக்கப்புக்குச் சரியானது மைஎஸ்க்யூஎல்டம்ப். 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' என்ற தேர்வோடு எடுத்தால் இன்னோடிபி டேபிள்கள் எல்லாம் ஒரே நொடியின் நிலையில் வரும், பில் போடுவதையும் நிறுத்த வேண்டியதில்லை. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் இரவு எட்டு மணிக்கு வைத்து, ஃபைல் பெயரில் தேதி சேரும்படி செய்துவிடலாம். நேற்றைய ஃபைலின் மேல் இன்றையது எழுதக் கூடாது. ஏழு நாள் தனித்தனியாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை அந்த ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். அன்றாடம் பார்க்க அவ்வளவு நேரம் இல்லையென்றால், ஃபைலைத் திறந்து கடைசி வரிக்குப் போங்கள். 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்ற சொற்களும் அன்றைய தேதியும் அங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைய பேக்கப் பாதியில் நின்றிருக்கிறது. கடையை அடைக்கும் முன் மறுபடி எடுங்கள்.

இப்படிக்கு,
டேட்டாபேஸ் பராமரிப்புப் பணியாளர்கள்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.